முடிவுறாத சுரக்குறிப்பு: யானாச்செக்கின் இரு குவார்டெட்டுகளும் அவற்றின் ஒலிப்பதிவுகளும்

1928ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் பிர்னோ நகரில் லியோஷ் யானாச்செக்கின் இரண்டாவது ஸ்ட்ரிங் குவார்டெட் முதன்முதலாகப் பொதுமேடை ஏறியபோது அதை எழுதியவர் உயிரோடு இல்லை. ஒரு மாதத்துக்கு முன்பு, ஆகஸ்ட் 12 அன்று, ஆஸ்ட்ராவா நகரில் நிமோனியா காய்ச்சலில் இறந்திருந்தார். அந்தப் படைப்பு அச்சில் வருவதற்கு மேலும் பத்து ஆண்டுகள் பிடித்தன. 1938இல் ஹுதெப்னி மாட்டிட்சே பதிப்பகம் அதை வெளியிட்டபோது, மெய்ப்புப் பார்க்கவும் ஐயம் தீர்க்கவும் ஆசிரியர் இல்லை. கையில் இருந்தவை அவருடைய கிறுக்கல் கையெழுத்து, நகலெடுத்தவர் புரிந்துகொண்டு எழுதிய படி, முதலில் வாசித்த நால்வரின் தாள்களில் விழுந்திருந்த திருத்தங்கள் ஆகியவைதாம். இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

யானாச்செக்கின் குவார்டெட் ஒலிப்பதிவுகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் எந்தக் குழு சிறப்பாக வாசித்தது என்ற கேள்வியோடு தொடங்கி அதோடு முடித்துவிடுகிறார்கள். என் பார்வையில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தக் குழு எதை வாசித்தது? பீத்தோவனின் குவார்டெட்டை எடுத்துக்கொண்டால், குழுக்களுக்கிடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் வாசிப்பு முறையில் இருக்கும். யானாச்செக்கிடம் வேறுபாடு மூலத்திலேயே தொடங்குகிறது. ஒவ்வொரு இசைத்தட்டும் முடிவுறாத ஒரு சுரக்குறிப்பைப் பற்றிய தீர்ப்பு. கடந்த எழுபது ஆண்டுகளில் வந்த பதிவுகளை வரிசையாகக் கேட்டால், ஒரு படைப்பின் மூலபாடம் மெல்ல மெல்ல உருவாகி வந்த கதை கேட்கும்.

யானாச்செக் 1854இல் மொராவியாவின் ஹுக்வால்டி என்ற சிற்றூரில் பிறந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிர்னோவில் இசை ஆசிரியராகக் கழித்தவர். அறுபது வயதுக்குப் பின்னரே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. மக்கள் பேசும்போது குரல் ஏறி இறங்கும் விதத்தைச் சுரக்குறிப்பாக எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. சந்தையில் பேரம் பேசுபவர், ரயில் நிலையத்தில் விடைபெறுபவர், தெருவில் கத்தும் குழந்தை என யாருடைய பேச்சையும் காலப்பிரமாணத்தோடும் சுருதியோடும் குறித்துக்கொள்வார். 1903இல் மகள் ஓல்கா இறந்துகொண்டிருந்தபோது அவளுடைய கடைசிச் சொற்களின் ஏற்ற இறக்கத்தையும் எழுதி வைத்தார். இதைக் கல்நெஞ்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. மறைந்துபோகும் குரலைப் பிடித்து வைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒலிப்பதிவுக் கருவியும் அவருக்குப் புதிதன்று. 1909 முதல் அவரும் அவருடைய உடனுழைப்பாளர்களும் எடிசன் ஃபோனோகிராஃபை எடுத்துக்கொண்டு போய் மொராவிய, ஸ்லோவாக்கிய நாட்டுப்புறப் பாடகர்களை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார்கள். அந்த உருளைகள் பிழைத்து, 1990களின் இறுதியில் பிர்னோவிலிருந்து குறுந்தகடாகவும் வெளிவந்தன. காகிதத்தில் எழுதும் சுரக்குறிப்பு எவ்வளவைத் தவறவிடுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். அப்படிப்பட்டவர் தன் குவார்டெட்டுகளை எழுதியபோது குறிப்புகளை ஏன் இவ்வளவு திறந்ததாக விட்டார் என்ற கேள்வி என்னை நெடுநாள் தொந்தரவு செய்தது. ஒரு விடை இது: அவர் எழுதியது பேச்சுக்கு நெருக்கமான இசை. பேச்சைப் போலவே அது சொல்பவர் வாயில்தான் நிறைவு பெறுகிறது.

முதல் குவார்டெட் பிறந்த கதை எளிது. 1923ஆம் ஆண்டு அக்டோபர் 13 முதல் 28 வரை, இரண்டு வாரங்களில் எழுதி முடித்தார். செக் குவார்டெட் என்ற புகழ்பெற்ற குழு கேட்டதற்காக எழுதியது. ரஷ்ய இலக்கியத்தின் மீது தீராத பற்று கொண்ட யானாச்செக், டால்ஸ்டாயின் ‘க்ராய்ட்சர் சொனாட்டா’ குறுநாவலை மனத்தில் வைத்து 1908-09இல் ஒரு பியானோ ட்ரையோ எழுதியிருந்தார், அது தொலைந்துவிட்டது. அதன் பொருளிலிருந்து குவார்டெட்டுக்குக் கொஞ்சம் வந்து சேர்ந்தது. பொறாமையால் மனைவியைக் கொன்ற கணவனின் வாக்குமூலமாக டால்ஸ்டாய் சொன்ன கதையில், யானாச்செக் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார். அவள் அடைந்த வேதனையே இசைக்கு மையம். 1924 அக்டோபர் 17 அன்று பிராகில் முதன்முதலாக அரங்கேறியது. அடுத்த ஆண்டு அச்சிலும் வந்தது.

அச்சுப்படியைத் தயாரித்தவர் யோசஃப் சுக். தானே பெரிய இசையமைப்பாளர், ட்வோர்ஷாக்கின் மருமகன், செக் குவார்டெட்டின் இரண்டாம் வயலின் கலைஞர். வாசித்துப் பார்த்த அனுபவத்தோடு வில்லடிக் குறிகளையும் ஒலியளவுக் குறிகளையும் சேர்த்தார். யானாச்செக் உயிரோடு இருந்தபோதே நடந்த வேலை இது என்பதால் அதைக் கெடுதல் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சுக் பிராகு நகரத்து மரபில் வளர்ந்தவர்; நீண்ட வில், உருண்டு திரண்ட ஒலி, ஒரு சொற்றொடரை அடுத்ததோடு நயமாக இணைக்கும் பழக்கம். யானாச்செக்கின் இசையோ இணைப்புகளை வேண்டுமென்றே அறுத்துக்கொண்டு போகிறது.

கேட்டுப் பார்த்தால் புரியும். முதல் பகுதி பெருமூச்சு போன்ற ஒரு சிறு சொற்றொடரோடு மெதுவாகத் தொடங்குகிறது. அது முடியும் முன்பே செல்லோ வேறொரு வேகத்தில், நாட்டுப்புறச் சாயலோடு குறுக்கே வருகிறது. மறுபடி பெருமூச்சு. மறுபடி குறுக்கீடு. மூன்றாம் பகுதி இதைவிடக் கொடியது. முதல் வயலினும் செல்லோவும் ஒன்றையொன்று பின்தொடர்ந்து கூச்சத்தோடு ஒரு மெட்டைப் பாடுகின்றன. அது பீத்தோவனின் க்ராய்ட்சர் சொனாட்டாவில் வரும் ஒரு மெட்டின் நிழல். திடீரென்று மற்ற இருவரும் வில்லைக் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டுக்கு) அருகே கொண்டுபோய், கண்ணாடியைக் கீறுவது போல ஓர் ஒலியை வீசுகிறார்கள். மெட்டு அறுபடுகிறது, திரும்பத் தொடங்குகிறது, மறுபடியும் அறுபடுகிறது.

வில்லைக் குதிரைக்கு அருகில் இழுக்கும்போது தந்தியின் அடிப்படைச் சுரம் மெலிந்து மேற்சுரங்கள் துருத்திக்கொண்டு வரும். வயலின் வாசிப்பவர் எல்லாருக்கும் இந்த ஒலி தெரியும். பயிற்சியில் ஆசிரியர் திருத்துகிற, அழகில்லாத ஒலி. யானாச்செக் இதை அலங்காரமாகப் பயன்படுத்தவில்லை. கதையில் ஒரு பாத்திரமாகவே பயன்படுத்தினார். ஆகவே ஒரு குழு இந்த இடங்களில் எவ்வளவு அழகைக் கைவிடத் துணிகிறது என்பதே அந்தக் குழுவைப் பற்றிப் பெரும்பகுதியைச் சொல்லிவிடும். ஒலிப்பதிவாளரும் இதில் பங்காளி. மைக்கை எங்கே வைக்கிறார் என்பதைப் பொறுத்தே இந்தக் கீறல் கேட்பவரைக் குத்துகிறதா, அறையின் எதிரொலியில் கரைந்து போகிறதா என்பது முடிவாகும். பழைய மோனோ பதிவுகளில் மேற்சுரங்கள் குறைவாகவே பதிவாயின. அவற்றைக் கேட்கும்போது அந்தக் கலைஞர்கள் உண்மையில் வாசித்ததைவிட மென்மையாக வாசித்ததாக நமக்குத் தோன்றக்கூடும்.

இரண்டாவது குவார்டெட் 1928 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 19 வரை எழுதப்பட்டது. அதன் பின்னால் காமிலா ஸ்டோஸ்லோவா இருக்கிறார். 1917இல் லுஹாச்சொவிட்சே என்ற நீரூற்று மருத்துவ ஊரில் யானாச்செக் அவரைச் சந்தித்தார். தன்னைவிட 37 வயது இளையவர், திருமணமானவர், இரண்டு குழந்தைகளின் தாய். பதினோரு ஆண்டுகளில் யானாச்செக் அவருக்கு எழுதிய கடிதங்கள் எழுநூறுக்கும் மேல். குவார்டெட்டுக்கு முதலில் காதல் கடிதங்கள் என்று பெயர் வைத்து, பிறகு ஊர் வாய்க்கு அஞ்சி ‘அந்தரங்கக் கடிதங்கள்’ ஆக்கினார். ஒவ்வொரு பகுதியும் எந்த நினைவைக் குறிக்கிறது என்பதையும் எழுதும் போதே காமிலாவுக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கடிதங்கள் செக் மொழியில் முழுமையாக அச்சில் வந்தது 1990இல்தான். ஜான் டிரல் செய்த ஆங்கிலப் பதிப்பு 1994இல் வந்தது. பதிவுகளின் வரலாற்றில் இந்த ஆண்டுகளை ஓர் எல்லைக்கோடாக நான் கருதுகிறேன். அதற்கு முன்பு வாசித்தவர்கள் இந்தக் காதலைப் பொதுவாக அறிந்திருந்தார்கள். அதன் பின் வந்தவர்களோ ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு வாசித்தார்கள். குறுந்தகட்டோடு வரும் குறிப்புப் புத்தகங்களில் கடிதங்கள் நிரம்பின. கேட்பவர்களும் இசையில் அந்தக் கதையையே தேடத் தொடங்கினார்கள். இதனால் நன்மை விளைந்ததா என்றால், எனக்கு முழு உடன்பாடு இல்லை. கடிதங்களை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு சொற்றொடரையும் விம்மலாக வாசிக்கும் பதிவுகள் பெருகின. யானாச்செக்கின் கடிதங்கள் விம்முகின்றன என்பது உண்மை. அவருடைய இசை அப்படிச் செய்வதில்லை. அது உணர்ச்சியின் நடுவில் சட்டென்று திரும்பி வேறொன்றைச் சொல்கிறது. பிர்னோவில் பிறந்த மிலான் குந்தேரா, யானாச்செக்கின் மாணவரான பியானோ கலைஞர் ஒருவரின் மகன். எதிரெதிர் உணர்ச்சிகளை இடைப்பாலம் இல்லாமல் அடுத்தடுத்து வைக்கும் இந்தத் துணிவையே யானாச்செக்கின் புதுமை என்று அவர் வாதாடினார். அந்த வாதம் எனக்கு ஏற்புடையது.

இனி மூலப்பிரதி. யானாச்செக் அச்சடித்த சுரத்தாள்களைப் பயன்படுத்துவதைக் கைவிட்டு, வெற்றுத் தாளில் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் ஐந்து கோடுகளைக் கையால் இழுத்து எழுதும் வழக்கத்துக்குப் பிற்காலத்தில் வந்திருந்தார். அடித்தல்கள், ஒட்டல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய சுரங்கள் எல்லாம் கலந்திருக்கும். அதைப் படிக்கப் பழகிய இரண்டொருவரே நகலெடுத்தார்கள். அவர்களும் சில இடங்களில் ஊகித்தார்கள். யானாச்செக் அந்த நகலில் திருத்தினார், ஆனால் எல்லாத் தவறுகளும் அவர் கண்ணில் பட்டுவிடவில்லை. பிறகு 1928 மே, ஜூன் மாதங்களில், பின்னர் அதை அரங்கேற்றிய மொராவியன் குவார்டெட் பிர்னோவில் அவர் வீட்டுக்கே வந்து வாசித்துக் காட்டியது. அங்கே நடந்த மாற்றங்கள் வாசித்தவர்களின் தாள்களில் ஏறின. எது ஆசிரியரின் கடைசி விருப்பம், எது வாசிப்பவரின் வசதிக்காக அவர் விட்டுக்கொடுத்தது? இதைப் பிரித்தறியும் வேலை இன்னும் முடியவில்லை.

இந்தப் பின்னணியோடுதான் முதல் தலைமுறைப் பதிவுகளைக் கேட்க வேண்டும். பிர்னோவில் 1947இல் உருவான யானாச்செக் குவார்டெட் 1956இல் இரண்டாம் குவார்டெட்டை டாயிச்ச கிராமஃபோன் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தது. 1963இல் இரண்டையும் சுப்ராஃபோனுக்காகப் பதிவு செய்தது. முதல் வயலின் யிர்ஷி டிராவ்னீச்செக், இரண்டாம் வயலின் அடால்ஃப் சீகோரா, வியோலா யிர்ஷி கிராட்டோக்வீல், செல்லோ காரெல் கிராஃப்கா. தாளைப் பார்க்காமல் மனப்பாடமாக வாசிப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பழக்கம் பதிவிலும் கேட்கிறது. நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பவர்களைப் போல, திருப்பங்களில் யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஒலி சில இடங்களில் கரடுமுரடானது. இரண்டாம் குவார்டெட்டின் கடைசிப் பகுதியில் வரும் நாட்டியத்தை அவர்கள் மொராவியக் கிராமத்து வயலின்காரர்களின் அழுத்தத்தோடு வாசிக்கிறார்கள். அந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இது இயல்பாக வந்திருக்கிறது. இந்த 1963 பதிவை நான் ஒரு சான்றாவணமாகவே மதிக்கிறேன். எனினும் அவர்கள் கையில் இருந்தது பழைய அச்சுப்படி என்பதையும் மறக்கக் கூடாது. அதன் பிழைகளும் அவர்களோடு மனப்பாடமாயின.

பிராகின் ஸ்மெட்டனா குவார்டெட் இதற்கு நேர் எதிர்த் திசை. அவர்களும் மனப்பாடமாக வாசித்தவர்களே. ஆனால் ஒலி இழைத்து மெருகேற்றியது. யிர்ஷி நோவாக், லுபோமீர் கொஸ்டெட்ஸ்கி, மிலான் ஷ்காம்பா, அன்டோனின் கோஹவுட் என்ற நால்வர் 1956 முதல் குழு கலையும் வரை மாறாமல் சேர்ந்து வாசித்தார்கள். யானாச்செக்கை அவர்கள் ஒருமுறைக்கு மேல் பதிவு செய்தார்கள். 1965இல் சுப்ராஃபோனுக்குச் செய்த பதிவு மிகவும் பரவியது. பிற்காலத்தில் ஜப்பானின் டெனான் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த டிஜிட்டல் பதிவுகளில் அவர்கள் முன்னோடிகள். 1972இல் டோக்கியோவில் டெனானின் டிஜிட்டல் கருவியில் அவர்கள் வாசித்த மோட்சார்ட் குவார்டெட்டுகள் அந்தத் தொழில்நுட்பத்தின் தொடக்கக்காலச் சாதனைகளில் ஒன்று.

அந்த நால்வரில் வியோலா கலைஞரான ஷ்காம்பாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் குவார்டெட்டில் வியோலாவே காமிலாவின் குரல். தொடக்கத்தில் இரண்டு வயலின்களும் உரத்து ஒலித்து ஓய்ந்தவுடன், வியோலா மட்டும் தனியாக, குதிரைக்கு அருகில் வில் வைத்து, ஒரு மெல்லிய, அந்நியமான சொற்றொடரைச் சொல்கிறது. ஆண்டுக்கணக்காக அந்த இடத்தை வாசித்த ஒருவருக்கு, இங்கே என்ன எழுதியிருக்கிறது என்ற ஐயம் எழுவது இயல்பு. ஷ்காம்பா பிர்னோவின் யானாச்செக் ஆவணக் காப்பகத்துக்குப் போய்க் கையெழுத்துப் பிரதியையும் நகல்களையும் ஒப்பிட்டார். அதன் விளைவாக 1979இல் இரண்டாம் குவார்டெட்டின் புதிய பதிப்பு வெளிவந்தது. வாசிப்பவர் ஒருவர் மேடையிலிருந்து இறங்கிப் பாடபேத ஆய்வாளர் ஆன அரிய நிகழ்வு இது. அதற்குப் பின் வந்த பதிவுகளில் சுரங்களே மாறிக் கேட்பதற்கு இதுவே காரணம். பழைய பதிவோடு புதியதை ஒப்பிட்டுக் கேட்கிறவர், வாசித்தவர் தவறினார் என்று நினைக்கும் இடங்கள் பலவற்றில் தவறியது அச்சு.

ஷ்காம்பாவின் பதிப்போடு வேலை நின்றுவிடவில்லை. லியோஷ் ஃபால்டுஸ், மிலோஷ் ஷ்டெட்ரோன் ஆகிய இரு பிர்னோ ஆய்வாளர்கள் பின்னர் பேரன்ரைட்டர் பதிப்பகத்துக்காக மறுபடியும் மூலங்களை ஆராய்ந்து இரண்டு குவார்டெட்டுகளையும் பதிப்பித்தார்கள். இன்று ஒரு குழு இந்த இசையைப் பதிவு செய்ய முடிவெடுத்தால் அதன் முன்னால் மூன்று அடுக்குகள் இருக்கின்றன: பழைய அச்சு, ஷ்காம்பா, பேரன்ரைட்டர். பெரும்பாலான குழுக்கள் ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து தங்களுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்கின்றன. குறுந்தகட்டு அட்டையில் எந்தப் பதிப்பு என்று அச்சிடும் நேர்மை இன்னும் பொது வழக்கமாகவில்லை. அது வர வேண்டும் என்பது என் கோரிக்கை. இலக்கியப் பதிப்பில் எந்தச் சுவடியைப் பின்பற்றினோம் என்று சொல்லாத பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. இசைத்தட்டுக்கு மட்டும் ஏன் விலக்கு?

எல்பி காலத்து வடிவமும் இந்த இசையின் தலையெழுத்தை ஓரளவு எழுதியது. முதல் குவார்டெட் சுமார் 18 நிமிடம், இரண்டாவது சுமார் 26 நிமிடம். ஒரு தட்டின் இரு பக்கங்களுக்கு அளந்து வைத்தாற்போல் பொருந்தும். ஐந்தாண்டு இடைவெளியில், வேறு வேறு காரணங்களுக்காக எழுதிய இரண்டு படைப்புகளும் ஒரே அட்டைக்குள் இரட்டைப் பிள்ளைகளாக வளர்ந்தது இதனால்தான். குறுந்தகடு வந்தபோது நிலைமை மாறியது. அதில் எழுபது நிமிடத்துக்கு மேல் இடம் உண்டு. யானாச்செக்கின் இரண்டும் சேர்ந்து 45 நிமிடத்தைத் தாண்டுவதில்லை. மீதி இடத்தில் எதை வைப்பது? அந்தத் தேர்வு, கேட்பவர் யானாச்செக்கை எங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்று அந்தக் குழு சொல்லும் விமரிசனமாகவே ஆகிவிட்டது.

டகாக்ஸ் குவார்டெட் ஹைப்பீரியன் வெளியீடாக 2015இல் தந்த பதிவில் உடன் வருவது ஸ்மெட்டனாவின் ‘என் வாழ்விலிருந்து’ குவார்டெட். ஜெருசலேம் குவார்டெட்டும் இதே இணைப்பைத் தேர்ந்தது. இது யானாச்செக்கைச் செக் நாட்டுத் தன்வரலாற்று மரபில் உட்கார வைக்கிறது. எமர்சன் குவார்டெட்டின் 2009 பதிவில் மார்ட்டினுவின் வயலின்-வியோலா மாட்ரிகல்கள் உடன் வருகின்றன. பெல்சியா குவார்டெட் 2019இல் லிகெட்டியின் முதல் குவார்டெட்டைப் பக்கத்தில் வைத்தது. கேட்டவுடன் யானாச்செக் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கழன்று முன்னால் வந்து நிற்கிறார். இந்த மூன்று இணைப்புகளில் லிகெட்டி எனக்குப் பெரிதும் பிடித்தது. ஸ்மெட்டனாவோடு சேர்த்துக் கேட்கும்போது இந்த இசையின் உடைப்புகள் மரியாதையான துயரமாகச் சமைந்துவிடுகின்றன.

இவற்றையெல்லாம்விட முக்கியமான இணைப்பு பாவெல் ஹாஸ் குவார்டெட் செய்தது. 2002இல் தொடங்கிய அந்தப் பிராகு குழு தன் முதல் தட்டை 2006இல் வெளியிட்டது. யானாச்செக்கின் இரண்டாவது குவார்டெட்டோடு பாவெல் ஹாஸின் இரண்டாவது குவார்டெட். அடுத்த ஆண்டு யானாச்செக்கின் முதலாவது, ஹாஸின் முதலாவதும் மூன்றாவதும். பாவெல் ஹாஸ் பிர்னோவில் யானாச்செக்கிடம் பயின்ற மாணவர். அவருடைய இரண்டாம் குவார்டெட்டை 1926இல் முதலில் வாசித்ததும் அதே மொராவியன் குவார்டெட்தான். யூதர் என்பதால் தெரெசீன் முகாமுக்கு அனுப்பப்பட்டு, 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவர் பெயரையே தாங்கிய ஒரு குழு, ஆசிரியரையும் மாணவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, யானாச்செக்குக்குத் தொடர்ச்சி இருந்தது, அது இயற்கையாக அற்றுப்போகவில்லை, அறுக்கப்பட்டது என்ற உண்மை காதால் கேட்கும் வடிவில் வந்தது. யானாச்செக்கின் சிறு சிறு சொற்றொடர்களை அடுக்கும் முறையை ஹாஸ் எப்படி எடுத்துக்கொண்டார், ஜாஸ் தாளத்தை எப்படிச் சேர்த்தார் என்பதை அதுவரை தனித்தனியாகவே கேட்க முடிந்தது.

அந்தக் குழுவுக்கு ஆசிரியராக இருந்தவர்களில் மிலான் ஷ்காம்பாவும் ஒருவர். பதிப்பைத் திருத்தியவரிடமே பாடம் கேட்டவர்கள் என்ற முறையில் இந்தப் பதிவுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அவர்கள் வாசிப்பு ஸ்மெட்டனா குவார்டெட்டின் நகல் அன்று. மெருகை அவர்கள் விட்டுவிட்டார்கள். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே உள்ள தூரம் பழைய பதிவுகளில் இருந்ததைவிடப் பன்மடங்கு. முதல் குவார்டெட்டின் மூன்றாம் பகுதியில் அந்தக் குதிரையோரக் கீறல் வரும்போது, கேட்பவர் பின்வாங்குகிறார். சிலர் இதை மிகை என்கிறார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கை குதறப்படுவதைச் சொல்லும் இசையில் அளவு மீறாத நாகரிகமே பெரிய பிழை என்று நான் நினைக்கிறேன்.

செக் நாட்டுக்கு வெளியே வந்த பதிவுகள் பலவற்றை இங்கே ஓரிரு வரியில் கடக்கிறேன். ஹாகன் குவார்டெட் 1980களின் இறுதியில் எல்லா முரண்களையும் கூர்தீட்டி வாசித்தது. வியப்பூட்டும் துல்லியம், ஆனால் பேச்சின் மூச்சு குறைவு. ஆல்பன் பெர்க் குவார்டெட் வியன்னாவின் முழுமையைக் கொண்டுவந்தது. அதில் உள்ள தீவிரம் உண்மையானது, ஒலியின் செழிப்பு மட்டும் சில இடங்களில் இசைக்குப் பெரிதாகிவிடுகிறது. தாலிக் குவார்டெட் இதற்கு மாறாக ஒல்லியான, உள்ளொடுங்கிய ஒலி. செக் குழுதான், ஆனாலும் நாட்டுப்புறத்தை வலியுறுத்தாதது. இரண்டாம் குவார்டெட்டின் மெதுவான இரண்டாம் பகுதிக்கு நான் அடிக்கடி தாலிக்கிடம்தான் போகிறேன். செக் மொழி தெரிந்தவர்களால்தான் இந்த இசையை வாசிக்க முடியும் என்ற கட்சியை நான் ஏற்கவில்லை. பேச்சின் ஏற்ற இறக்கத்திலிருந்து பிறந்த சொற்றொடர் எந்த இடத்தில் முடிகிறது, எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதைக் கேட்டுக் கற்க முடியும். டகாக்ஸ் அதற்குச் சான்று.

கடைசியாக வியோலா தமோரே. இரண்டாம் குவார்டெட்டை எழுதியபோது யானாச்செக் வழக்கமான வியோலாவுக்குப் பதிலாக இந்தப் பழைய கருவியைத்தான் குறித்திருந்தார். வில்லால் வாசிக்கும் ஆறு அல்லது ஏழு தந்திகளுக்குக் கீழே, தொடாமலே உடன் அதிரும் இன்னொரு வரிசைத் தந்திகள். சிதாரில் உள்ளதைப் போன்ற ஏற்பாடு. ஒலி வெள்ளிபோல் மினுங்கும், ஆனால் சிறியது. காதலின் பெயரைத் தாங்கிய கருவி என்பதே அவரை ஈர்த்தது. ‘காத்யா கபனோவா’ உள்ளிட்ட ஓப்பராக்களிலும் அதைப் பயன்படுத்தியிருந்தார். பிர்னோ ஒத்திகைகளில் கேட்டபின், அது மற்ற மூன்று கருவிகளோடு சேரவில்லை என்று கண்டு, சாதாரண வியோலாவுக்கு ஒப்புக்கொண்டார். அச்சுப்படிகளும் அதையே பின்பற்றின. கையெழுத்துப் பிரதியில் மட்டும் பழைய எண்ணம் தங்கியது.

அந்த எண்ணத்தை ஒலியாக்கிய பதிவுகள் இப்போது இருக்கின்றன. பிரான்சின் டியோட்டிமா குவார்டெட் 2008இல் கார்த் நாக்ஸை வியோலா தமோரே வாசிக்க அழைத்துப் பதிவு செய்தது. ஜெர்மனியின் மாண்டெல்ரிங் குவார்டெட் 2010இல் குன்டர் டாய்ஃபெல் வாசிப்போடு இந்த வடிவத்தையும் வழக்கமான வடிவத்தையும் சேர்த்தே வெளியிட்டது. ஒரே குழுவிடம் இரண்டையும் கேட்க முடிவதால் மாண்டெல்ரிங் பதிவு ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுகிறது. முதல் பகுதியில் காமிலாவின் சொற்றொடர் நுழையும் இடத்தில் வியோலா தமோரே செய்வதை வேறெதுவும் செய்ய முடியாது. குதிரையோரத்தில் வில் படும்போது கீழ்த்தந்திகளும் கூடவே அதிர்ந்து, அந்தக் குரல் அறைக்கு வெளியிலிருந்து வருவதுபோல் இருக்கிறது. யானாச்செக் கனவில் கேட்டது இதுதான் என்று நம்பத் தோன்றும்.

மூன்றாம் பகுதிக்கு வந்தால் அந்த நம்பிக்கை தளர்கிறது. தாலாட்டுப் போன்ற மெட்டு அடங்கியபின் முதல் வயலின் உச்ச சுருதியில் வீறிட்டுக் கிளம்பும் இடத்தில், நான்கு கருவிகளும் சம பலத்தோடு மோத வேண்டும். வியோலா தமோரே அங்கே மறைந்துபோகிறது. ஒலிப்பதிவாளர் மைக்கை அருகே வைத்து அதைத் தூக்கிக் காட்டலாம். யானாச்செக் வீட்டு ஒத்திகையில் அப்படி ஒரு மைக் இருக்கவில்லை. கடைசிப் பகுதியின் நாட்டியத்திலும் இதே குறை. அந்தக் கருவியைக் கைவிட்டது வாசிப்பவர்களின் வற்புறுத்தலுக்கு விட்டுக்கொடுத்த சமரசம் என்று சில ஆர்வலர்கள் எழுதுகிறார்கள். மாண்டெல்ரிங்கின் இரண்டு பதிவுகளையும் பகுதி பகுதியாக மாற்றி மாற்றிக் கேட்டபின் எனக்கு அது காதைக் கொண்டு எடுத்த முடிவாகவே தெரிகிறது. ஆகவே வியோலா தமோரே பதிவுகளை மூலத்தின் மீட்சி என்று விற்பதை நான் ஏற்கவில்லை. யானாச்செக் எதைக் கேட்டுவிட்டு எதைத் தள்ளினார் என்று காட்டும் சான்றுகளாகவே அவற்றுக்கு மதிப்பு. அந்த மதிப்பு சிறியதன்று. இத்தகைய சான்று வேறெந்தப் பெரிய குவார்டெட்டுக்கும் இவ்வளவு தெளிவாக ஒலிவடிவில் கிடைப்பது அரிது.